எலும்பு கடிக்காத கழுதைப்புலி

மார்ச் 4

கூண்டுக்காரருக்கு,

இனிமேல் போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நான் நூறு வார்த்தை பேசினால் நீங்கள் ஒரு "ம்" போடுகிறீர்கள். கடிதத்தில் வெறும் "ம்" எழுதி அனுப்பினால் தபால்காரரே சிரிப்பார். அதனால் எழுதுங்கள்.

என் நிலைமை இதுதான். பிரசவம் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மே மாதம் நடுவில் என்று கணக்கு. அண்ணன் வீட்டுப் பின்னறையில் கிடக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், சுவரில் ஒரு குழாய். குழாயில் எப்போதாவது தண்ணீர் இறங்கும் சத்தம்தான் எனக்குப் பொழுதுபோக்கு. அண்ணி நல்லவள்தான். ஆனால் ஒவ்வொரு வேளையும் "அவர் எப்ப வர்றாராம்?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை வைக்கிறாள். பல்செட் லேப் முதலாளி இரக்கப்பட்டு வேலையை வீட்டுக்கு அனுப்புகிறார். ஒருக்களித்துப் படுத்தபடியே யார் யாருடைய வாய்க்கோ மெழுகில் பல் அடுக்குகிறேன்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று ரயிலடியில் சண்டை போட்டபோது சொன்னதை இப்போது கத்தாமல் சொல்கிறேன். முதல் பிள்ளை கலைந்தபோது புலிக்கு வயிற்றுப்போக்கு என்று மிருகப் பூங்காவில் இருந்தீர்கள். இரண்டாவது தடவை கம்பி அறுந்து நரி வெளியே போயிருந்தது. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டவர் அண்ணன். இது மூன்றாவது. எனக்குப் பயமாக இருக்கிறது. பூங்காவே திவாலாகி வங்கி வந்து பூட்டிய பிறகும் உங்களுக்கு அங்கே என்ன வேலை? பிள்ளை பிறக்கும்போது நீங்கள் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே வர வேண்டாம், மயங்கி விழுவீர்கள். வெளியே நின்றால் போதும்.

பதில் ஒரு பக்கத்துக்குக் குறையக் கூடாது.

பல்லுக்காரி


மார்ச் 12

பல்லுக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நலமா என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். நலமில்லை என்றுதானே எழுதியிருக்கிறாய்.

வங்கி பூட்டியது வாசலை மட்டும்தான். உள்ளே மிருகங்கள் இருக்கின்றன. சிறுத்தையும் கரடியும் வேறு இடம் போய்விட்டன. மிச்சம் நான்கு கழுதைப்புலி, ஒரு கிழட்டு நரி, பிறகு பொக்கை. வேலையாட்கள் யாரும் இல்லை. வாசலில் காவலாளி, உள்ளே நான். மிருகங்களை வைத்திருக்கும் உரிமம் என் பெயரில் இருக்கிறது. வங்கி ஆள் தெளிவாகச் சொல்லிவிட்டார். "நீங்க இருக்கிற வரைக்கும் தீனிக்கு ஏற்பாடு பண்றோம். ஒரு நாள் நீங்க இல்லைன்னாலும் உரிமம் போச்சு. அப்புறம் டாக்டரை வரச்சொல்லி ஊசி போட்டு முடிச்சிடுவோம்." தினமும் காலையில் காவலாளி முன்னால் போய் நின்று முகம் காட்டிவிட்டு வருகிறேன். கூண்டுக்காரன் இல்லை, கூண்டுக்குள்ளே இருப்பவன் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

மற்றவற்றை யாராவது எடுத்துக்கொள்வார்கள். பொக்கைதான் சிக்கல். நீ அவளைப் பார்த்திருக்கிறாய், ஆனால் பகலில் தூங்கும் மூட்டையாகத்தான் பார்த்திருப்பாய். அவளும் கழுதைப்புலிக் குடும்பம்தான். அதே சரிந்த முதுகு, அதே கோடுகள், அதே பிடரிமயிர். ஆனால் அவளுடைய சொந்தக்காரர்கள் மாட்டுத் தொடை எலும்பைப் பிஸ்கட் மாதிரி நொறுக்குகிறவர்கள். அவள் முன்னோர் என்றைக்கோ அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து கறையான் தின்னப் போய்விட்டார்கள். கறையானுக்கு எதற்குக் கடைவாய்ப்பல்? தலைமுறை தலைமுறையாகச் சுருங்கிச் சுருங்கி, இப்போது ஈறில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நெல்மணி அளவுக்கு முளைகள்தான். கோரைப்பல் மட்டும் கூராக இருக்கிறது, அது சண்டைக்கு. நாக்கு அகலம், எச்சில் பசை. தரையில் மேயும் கறையானை நக்கி எடுப்பாள். புற்றைத் தோண்டக்கூடத் தெரியாது. இங்கே கறையானுக்கு எங்கே போவது? கறியை விழுதாக அரைத்து, முட்டை அடித்து, காய்ந்த பூச்சியைப் பொடித்து, கொஞ்சம் புற்று மண்ணும் கலந்து கூழ் மாதிரி வைக்கிறேன். வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆறினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எல்லாப் பூங்காவுக்கும் எழுதிப் பார்த்தேன். இவளுக்குச் சமைத்துப்போட யாரும் தயாராக இல்லை. நான் வந்தால் இவளுக்கு ஊசி. வராவிட்டால் உனக்கு நான் இல்லை. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பக்கம் நிறைந்துவிட்டது.


மார்ச் 19

கூண்டுக்காரருக்கு,

கடிதத்தை அண்ணி முன்னால் சத்தமாகப் படித்தது என் தப்பு. மிருகத்தின் ஈறுக்கு அரைப் பக்கம், எனக்கு மூன்று வரி. "இவர் யாருக்குப் புருஷன்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஆனாலும் தொழில் புத்தி போகுமா, படித்தேன். கடைவாய்ப்பல் போனவர்களை நான் தினமும் பார்க்கிறேன். வாய் என்று ஒன்று இருந்தால் அதற்குப் பல் கட்டிவிடலாம் என்று கர்வமாக இருந்தேன். உங்கள் பொக்கைக்குக் கட்ட முடியாது போலிருக்கிறது. தாடையே அதற்கேற்ப ஒடுங்கியிருக்குமே, பிடிப்பு எங்கே கிடைக்கும்?

எனக்கு ஒரு சந்தேகம். நன்றாக எலும்பு கடித்துக்கொண்டிருந்த குடும்பம், கறையான் பின்னால் ஏன் போனது? போனதுதான் போனது, ஆபத்துக்கு இருக்கட்டும் என்று நாலு பல்லையாவது வைத்துக்கொள்ளக் கூடாதா? இதை ஏன் கேட்கிறேன் தெரியுமா? என் வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் டிரைவர் வேலை தெரியும், எலெக்ட்ரிக் வேலை தெரியும், கணக்கு எழுதத் தெரியும். பூங்காவுக்குள் போனார். இப்போது கூழ் கிண்டுவதைத் தவிர வேறு எதற்கும் ஆகமாட்டார். அண்ணன் தன் கம்பெனியில் இடம் வாங்கித் தருகிறேன் என்றபோது, "மனுஷங்க கூட எனக்குச் சரிப்படாது" என்று சொன்னவர் அவர்தான்.

எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது. இடது பக்கம் படு என்கிறார்கள், படுக்கிறேன். அசையாதே என்கிறார்கள், அசையவில்லை. உள்ளே இருப்பது மட்டும்தான் இஷ்டத்துக்குப் புரள்கிறது. உங்கள் மிருகத்துக்கு ஊசி என்றால் உங்களுக்குத் தூக்கம் வராது, ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் தூக்கம் வருவதில்லை. என்னையும் கொஞ்சம் ஒரு மிருகமாக நினைத்துப் பாருங்கள், ஒருவேளை புரியும்.

பல்லுக்காரி


மார்ச் 29

பல்லுக்காரிக்கு,

ஒரு விஷயம் நடந்திருக்கிறது. அதற்கு முன்னால் உன் கேள்விக்குப் பதில்.

அவர்கள் யாரும் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்து எலும்பை விடவில்லை. எலும்புக்கு அடிதடி அதிகம். கறையான் தரை முழுக்கக் கிடந்தது. அதில் சிப்பாய்க் கறையான்கள் நாற்றமடிக்கும் பசையைத் துப்பும். மற்ற மிருகங்களுக்கு அது ஆகாது. இவர்களில் யாருக்கோ கொஞ்சம் தாங்கியது. தாங்கியவர்களுக்குப் பட்டினி இல்லை. குட்டிகள் பிழைத்தன. பல்லுக்குச் செலவழிக்காத உடம்பு வேறு எதற்கோ செலவழித்தது. ஒவ்வொரு அடியும் அந்தந்த நேரத்துக்குச் சரியான அடிதான். திரும்பிப் பார்க்கும்போதுதான் திரும்பிப் போக வழி இல்லை என்று தெரிகிறது. என்னைப் பற்றி நீ எழுதியதும் சரியாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை.

விஷயம் இது. வண்டியில் உட்கார்ந்து மிருகங்களைப் பார்த்துப் போகும்படி ஒருவர் பெரிய பண்ணை நடத்துகிறார். அவருடைய ஆள் வந்தார். கழுதைப்புலி, நரி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்களாம். "தனிச் சமையல் கேக்குற மிருகம் மட்டும் வேணாம். கறியும் எலும்பும் வண்டியிலிருந்தே வீசுவோம், அதைத் தின்னணும்" என்றார். கூண்டு கூண்டாக எண்ணிக்கொண்டே வந்தார். பொக்கை அன்றைக்கு முழித்திருந்தாள். ஆளைப் பார்த்ததும் பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு இரண்டு பங்கு பெரிதாக நின்றாள். "இது குட்டியா? வளர்ந்தா நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு "கழுதைப்புலி அஞ்சு" என்று குறித்துக்கொண்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லவில்லை, சும்மா நின்றேன். ஏப்ரல் 20 அன்று வண்டி வருகிறது. எல்லாம் போய்விட்டால் என் வேலை முடிந்தது. இரண்டு நாளில் உன்னிடம் இருப்பேன், பிரசவத்துக்கு நிறைய நாள் முன்னதாகவே.

உண்மையைச் சொன்னால் இவளை விட்டுவிட்டு மற்றதை ஏற்றிக்கொள்வார்கள். நான் இவளோடு இங்கேயே. சொல்லாவிட்டால் இவள் முன்னால் தொடை எலும்பைப் போடுவார்கள். இவள் அதை நக்கிப் பார்ப்பாள். பெரிய கழுதைப்புலிகள் நால்வரும் பக்கத்தில் இருப்பார்கள். எத்தனை நாள் தாங்குவாள் என்று தெரியாது.

நீ சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.


ஏப்ரல் 5

கூண்டுக்காரருக்கு,

வாயை மூடிக்கொண்டு வந்து சேருங்கள்.

உங்களிடமிருந்து "நீ சொல்" என்று ஒரு வார்த்தை வாங்க எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது. அதையும் இப்படி ஒரு விஷயத்துக்கா கேட்க வேண்டும்? பழியை என் தலையில் போட்டுவிட்டு வரலாம் என்று பார்க்கிறீர்கள். பரவாயில்லை, போடுங்கள். சுமக்க முடியாத சுமையா அது? ஏற்கெனவே ஒன்றைச் சுமந்துகொண்டுதான் படுத்திருக்கிறேன்.

கல்யாணமான புதிதில் பூங்காவைச் சுற்றிக் காட்டினீர்களே, அந்தக் கண்ணாடி அலமாரி ஞாபகம் வருகிறது. பஞ்சடைத்த ஒரு சின்னப் பிராணி, முதுகில் வெள்ளைக் கோடு, நீள மூக்கு. "இதுவும் கறையான் தின்னிதான். ஆனா பொக்கைக்கும் இதுக்கும் எந்த உறவும் இல்லை. இது கங்காரு வகை, குட்டியை வயித்துப் பையில சுமக்கிற கூட்டம்" என்றீர்கள். எங்கெங்கோ பிறந்த இரண்டும் ஒரே தீனியைத் தின்று ஒரே மாதிரி நாக்கை நீட்டக் கற்றுக்கொண்டன என்று அரை மணி நேரம் பேசினீர்கள். ஒன்று பல்லைத் தொலைத்தது, மற்றொன்று வாய் நிறைய ஐம்பது பல்லை வைத்துக்கொண்டு மெல்லாமலே விழுங்குகிறது என்றபோது நான்கூடச் சிரித்தேன். அப்புறம் சொன்னீர்கள், "அந்தக் கூட்டத்துல பிறந்தும் இதுக்குப் பை கிடையாது. குட்டிங்க அம்மா வயித்து மயிரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கும்" என்று. விழுந்துவிடாதா என்று கேட்டேன். "சிலது விழும்" என்றீர்கள், சாதாரணமாக.

அந்தப் பதில் இப்போது ராத்திரி பகலாக என்னைப் படுத்துகிறது. இரண்டு விழுந்துவிட்டன. இது பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் நல்லவளாக இருக்க வேண்டிய நேரம் இது இல்லை. வாருங்கள்.


ஏப்ரல் 11

பல்லுக்காரிக்கு,

வருகிறேன். பையில் துணிகளை வைத்துவிட்டேன். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. யார் கேட்டாலும் கழுதைப்புலி என்றுதான் சொல்லப்போகிறேன்.

இருக்கிற நாளில் அவளைக் கொஞ்சமாவது பழக்கிவிடலாம் என்று பார்க்கிறேன். கூழைக் கெட்டியாக்கினேன், தின்றாள். கறியைக் கொத்திப் போட்டேன், பொறுக்கி விழுங்கினாள், பாதியை வாந்தி எடுத்தாள். நேற்று கூழே வைக்காமல் விரல் அளவுத் துண்டுகளாக வைத்தேன். ஒவ்வொரு துண்டையும் நக்கினாள். ஓரமாகத் தள்ளி வைத்தாள். எல்லாவற்றையும் நக்கி முடித்துவிட்டு, சாப்பாடு எப்போது வரும் என்கிற மாதிரி என்னைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். பசித்தால் தின்னக் கற்றுக்கொள்வார்கள் என்று மனிதர்களைப் பற்றிச் சொல்வார்களே, அது பல் இருப்பவர்களுக்குத்தான் போலிருக்கிறது.

இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இங்கே வேறு யாரிடம் சொல்வது? காவலாளி கழுதைப்புலி என்ற பேரைக் கேட்டாலே ஒரு அடி பின்னால் போகிறவர்.

நீ என்ன சாப்பிடுகிறாய்? அதை எழுதவே இல்லையே.


ஏப்ரல் 17

கூண்டுக்காரருக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்கும்போது வண்டி வந்து போயிருக்கும். நடந்ததை என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது அண்ணி தட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். படித்துக்கொண்டே சாப்பிட்டேன். நக்கித் தள்ளி வைத்த இடம் வந்தபோது தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். பல் போய் எங்கள் லேப்புக்கு வருகிறவர்களும் இப்படித்தான். வீட்டில் எல்லோருக்கும் வைத்த சாப்பாட்டையே அவர்களுக்கும் வைப்பார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பிறகு யாராவது "பசியில்லையா?" என்று கேட்பார்கள். அந்த வரியை மட்டும் நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் சுகமாக ஒரு பாவம் செய்திருப்பேன்.

அண்ணன் மகள் அந்தப் பண்ணையின் நம்பரைத் தேடித் தந்தாள். ஒரு பெண் எடுத்தாள். "அஞ்சுல ஒண்ணு எலும்பு கடிக்காது. கறையான் தின்னிக் கழுதைப்புலி, வாயில பல்லே இல்லை" என்றேன். "நீங்க டாக்டரா?" என்றாள். "பல்செட் கட்டுறவ" என்றேன். அப்புறம் யாரையோ கூப்பிட்டு அதே கதையை மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

போனை வைத்துவிட்டு அழுதேன். நான் நல்லவள் என்பதற்காக அழவில்லை. நீங்கள் வருவதாக இருந்தது. என் கையாலேயே அதைக் கெடுத்துக்கொண்டேன், அதற்காக அழுதேன். இதற்காக உங்களை நான் மன்னிக்கப்போவதில்லை. என்ன நியாயம் என்று கேட்காதீர்கள், நியாயம் பார்க்கிற நிலைமையில் நான் இல்லை.

கேட்டதற்குப் பதில்: ரசம் சாதம், பெரும்பாலும்.

பல்லுக்காரி


ஏப்ரல் 20

பல்லுக்காரிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. ஆனால் நீ என்ன செய்தாய் என்று தெரியும்.

வண்டி வந்தது. கழுதைப்புலிகளை ஏற்றினோம், நரியை ஏற்றினோம். பொக்கையின் பெட்டியையும் ஏற்றிவிட்டோம். கதவைச் சாத்துவதற்கு முன்னால் அந்தப் பண்ணை ஆள் என்னைக் கூப்பிட்டார். "இது என்ன மிருகம்?" "கழுதைப்புலி." "எலும்பு கடிக்குமா?" "கடிக்கும்." மிருகங்களைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அது. அவர் போனைத் தடவிக்கொண்டே, "உங்க வீட்டம்மா கடிக்காதுன்னு சொல்றாங்களே, நான் யாரை நம்பறது?" என்றார். ஆடு திருடிய கள்ளன் மாதிரி முழித்தேன். ஏற்றிய பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் நல்ல மனிதர், அதட்டவில்லை. "அம்மா சொல்றதுதான் சரின்னு உங்க மூஞ்சியிலேயே எழுதியிருக்கு. இறக்குங்கப்பா" என்றார்.

உனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அதையும் நீயே உடைத்துவிட்டாய். கோபம் வரும் என்று காத்திருந்தேன். பெட்டியை இறக்கும்போது ஒரு பக்கம் நான் பிடித்திருந்தேன். அப்போது வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். பெட்டி தரையில் உட்கார்ந்த பிறகுதான் உன் ஞாபகம் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. நான் இப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான் இத்தனை வருஷமும் "ம்" போட்டுக்கொண்டிருந்தேனோ என்னவோ.

பயணச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, மேஜை மேலேயே இருக்கிறது. பூங்காவில் இப்போது அவளும் நானும்தான். இவ்வளவு பெரிய இடத்தில் எல்லாக் கூண்டுக் கதவும் திறந்து கிடக்கிறது. நான் வாசலைத் தாண்ட முடியாது. என்னை எப்படித் திட்டினாலும் திட்டு, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.


மே 9

கூண்டுக்காரருக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது நேரம் இல்லை, அதனால் எழுதுகிறேன். விடிந்ததிலிருந்து இடுப்பில் பிடித்துப் பிடித்து விடுகிறது. அண்ணன் வண்டி கூப்பிடப் போயிருக்கிறார். அண்ணி பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றுகிறாள். அவள் இன்றைக்கு நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை, அதுவே பெரிய உதவி.

முதலில் பெட்டி, பிறகு நான். நீங்கள் எழுதிய வரிசை எனக்குப் புதிது இல்லை. அது தெரிந்ததால்தான் பண்ணைக்குப் போன் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்த மிருகத்தைப் பட்டினிக்கு அனுப்பிவிட்டு நீங்கள் வந்திருந்தால் சொன்னபடி கதவுக்கு வெளியே நின்றிருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு சாகிற வரைக்கும் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு "ம்" போட்டிருப்பீர்கள். அது எனக்கு வேண்டாம். ஆனால் இங்கே தனியாகப் படுத்திருப்பதும் எனக்கு வேண்டாம். இரண்டையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு யாரும் மூன்றாவதாக ஒன்றைக் காட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் இந்தத் தடவையும் அண்ணன்தான் கையெழுத்துப் போடுவார். எனக்குப் பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகக் கூழ் கிண்டப் போவீர்கள், அதனால் எழுதமாட்டேன்.

வலி உச்சத்துக்குப் போகும்போது திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று அண்ணி சொல்கிறாள். அவள் இரண்டு பிரசவத்தையும் அண்ணனைத் திட்டியே தாண்டினாளாம். இதற்கு முன் இரண்டு தடவையும் நானும் உங்களைத் திட்டித் தீர்த்தேன், அது எவ்வளவு தெம்பு என்று அப்போது தெரியவில்லை. இந்தத் தடவை யோசித்துப் பார்த்தேன். நீங்கள் பையைக் கட்டிவிட்டீர்கள், சீட்டு எடுத்துவிட்டீர்கள், எனக்காகப் பொய்கூடச் சொல்லிவிட்டீர்கள். வரக் கிளம்பிய மனிதரை வரவிடாமல் செய்தவள் நான். உங்களைத் திட்ட ஒரு வார்த்தை இல்லை. என்னையே திட்டிக்கொண்டு எப்படிப் பிள்ளை பெறுவது?

வண்டி வந்துவிட்டது. போய்விட்டு வருகிறேன்.